முள் காட்டிய வெளிச்சம்

சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்த வாரத்தில் நான் லைட் மீட்டர் வாங்கத் தியாகதுருகம் போனேன். எண்பத்தேழு, புரட்டாசி பிறந்திருந்தது. இட ஒதுக்கீடு கேட்டு மறியல். கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ் இல்லை, லாரி இல்லை, பால் வண்டிகூட இல்லை. சைக்கிளில் கிளம்பினேன். மரம் குறுக்கே கிடந்த இடத்திலெல்லாம் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினேன். பாதி வழியிலேயே தோள் உரிந்துவிட்டது.

மறியல் முடியட்டும் என்று காத்திருக்க என்னால் முடியாது. சர்க்கரை ஆலையில் எட்டு சீசன் ராத்திரி ஷிஃப்ட் பார்த்துவிட்டு வேலையிலிருந்து நின்றிருந்தேன். பாய்லருக்கு எதிரே உட்கார்ந்து பிரஷர் கேஜின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. யாரும் என்னைத் துரத்தவில்லை. ஒரு நாள் காலையில் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தேன். தகரக் கூரைச் சூட்டில் தூக்கம் வரவில்லை. இனிமேல் போவதில்லை என்று முடிவு செய்தேன். பெரிய காரணம் எதுவும் கிடையாது. பகலில் விழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆலையில் கெமிஸ்டாக இருந்தவர் மாற்றலாகிப் போகும்போது தன் பழைய ரெட்டை லென்ஸ் கேமராவை என்னிடம் தள்ளிவிட்டுப் போயிருந்தார். நல்ல கேமரா. ஆனால் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று அது சொல்லாது, நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். ஃபிலிம் டப்பாவுக்குள் ஒரு காகிதம் இருக்கும். வெயிலுக்கு இவ்வளவு, மேகத்துக்கு இவ்வளவு என்று படம் போட்டிருக்கும். அதை நம்பி மணலூர்பேட்டையில் ஒரு கல்யாணம் எடுத்தேன். காகிதத்தில் கடற்கரை உண்டு, பனிமலை உண்டு, பந்தல் கிடையாது. கீற்றுப் பந்தலுக்குள் எடுத்ததில் போதுமான வெளிச்சம் உள்ளே போகாமல் ஃபிலிம் தண்ணீர் மாதிரி வெளுத்து வந்தது. மாப்பிள்ளை இல்லை, பெண் இல்லை, ஒரு வாழைமரம் மட்டும் லேசாகத் தெரிந்தது.

என் மனைவி செல்வியின் அண்ணன் சிவசங்கர், ஆலையில் ஆள் வருகை பதியும் டைம் ஆபீசில் இருந்தவர், சொன்னார்.

"இன்னும் ஒரு கல்யாணம் எடுத்துப் பாரு மாப்ள. அதுவும் பூட்ச்சின்னா பேசாம வந்து கேஜ் பாரு. கரும்பு அரைக்க ஆரம்பிக்கிற வரைக்கும் உன் எடத்த வுட்டு வைக்கிறேன்."

அந்த இன்னொரு கல்யாணம் கல்வராயன் மலையில் கிடைத்தது. வேடியப்பன் என்று ஒருவர், வெள்ளிமலைக்கு அந்தப்பக்கம் ஊர். கடுக்காயும் புளியும் கொண்டுவந்து கள்ளக்குறிச்சியில் போடுகிறவர். ஐப்பசியில் மகளுக்குக் கல்யாணம், ஒரு ரோல் போதும் என்றார். ஒரு ரோல் என்றால் பன்னிரண்டு படம். மலையில் ஒரு வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பதைப் பார்த்துத்தான் அடுத்த வீட்டுக்காரர் போட்டோக்காரரைக் கூப்பிடுவார். வேடியப்பன் வீட்டுச் சுவர் சரியாக அமைந்தால் எனக்குப் பகல் கிடைக்கும். இல்லாவிட்டால் பாய்லர்.

தியாகதுருகத்தில் நான் போன வீடு அமிர்தத்தின் வீடு. அவர் புருஷன் அந்த ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்தவர், இறந்து சில வருடமாகிறது. ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது உரக்கடை. மிச்சமிருந்தது இரண்டு மீட்டர்கள். பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்வதாக இருந்தது. மறியலில் அவரால் வர முடியவில்லை, அது முடிவதற்குள் நான் முந்திக்கொள்ள வேண்டியிருந்தது.

"சைக்கிள தோள்ல போட்டுக்கினு வந்திருக்க பாரு, அதுக்காக ஒண்ணு தர்றேன்" என்றார் அமிர்தம். "எது வேணுமோ எடுத்துக்க. ஒண்ணுதான்."

"ரெண்டையுமே குடுத்துடுங்கக்கா."

"ஆசையப் பாரு. பாண்டிக்காரரு வந்தா இன்னாத்த காட்டறது, மொறத்தையா?"

இரண்டையும் ஒரு முறத்தில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஒன்று கறுப்பு, உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. நெற்றியில் தேனடை மாதிரி புள்ளி புள்ளியாக ஒரு கண்ணாடி. பேட்டரி வேண்டாம். வெளிச்சம் அந்தக் கண்ணாடியில் பட்டால் முள் தானாக ஏறும். கட்டைவிரல் படுகிற இடத்தில் சாயம் போய்ப் பித்தளை தெரிந்தது. இன்னொன்று சிங்கப்பூரிலிருந்து அமிர்தத்தின் தம்பி கொண்டுவந்தது. பெட்டிகூடக் கசங்கவில்லை. அது பேட்டரியில் ஓடுகிறது. அந்தப் பேட்டரி மெட்ராசிலேயே கிடைக்குமா என்று சந்தேகம்.

கறுப்பு மீட்டரின் கண்ணாடிப் புள்ளிகளுக்கிடையில் பழுப்பாக ஏதோ அடைந்திருந்தது. கேட்டேன்.

"சந்தனம்பா. சரஸ்வதி பூஜைக்கு வருசா வருசம் அவரு வைப்பாரு. அவரு போனப்புறம் நான் வைக்கிறேன். படைக்காம வுட முடியுமா?"

"தொடைக்கிறதில்லையா?"

"மேலாக்கத் தொடைப்பேன். அழுத்துனா முள்ளு பூடும்னு சொல்லியிருக்காரு."

எனக்கு அது பெரிதாகப் படவில்லை. ஆலையிலும் ஆயுத பூஜைக்கு எல்லா கேஜுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். கண்ணாடி மேல் அப்பிய சந்தனம் முள்ளை மறைக்கும். அதைக் கொஞ்சம் வழித்துவிட்டு அளவைப் பார்ப்போம். பொட்டினால் பாய்லரின் அழுத்தம் மாறுவதில்லை.

இரண்டையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். லேசான மேகம். ஒரே இடத்தில் நின்று ஒரே சுவரைப் பார்த்து இரண்டையும் பிடித்தேன். பேட்டரி மீட்டர் பதினொன்று என்றது. கறுப்பு மீட்டர் நாலு என்றது. கேமராவில் எண் சின்னதாக ஆக லென்ஸின் துவாரம் பெரிதாகும். இரண்டுக்கும் நடுவில் எட்டு மடங்கு வெளிச்சம். ஏதோ ஒன்று பொய் சொல்கிறது.

"இதுல எதுங்கக்கா சரியா காட்டும்?"

"எனக்கு இன்னா தெரியும்? கறுப்பத்தான் அவரு கையிலயே வச்சிக்கினு சுத்துவாரு. இதப் பாப்பாரு, 'ரெண்டு கம்மி'ம்பாரு, எடுப்பாரு. வந்து பாரு."

கூடத்துச் சுவரில் அவர் எடுத்த படங்கள் இருந்தன. குறை சொல்ல ஒன்றும் இல்லை. கறுப்பு மனிதர்கள் கறுப்பாகவே இருந்தார்கள். வெள்ளை வேட்டியில் மடிப்பு தெரிந்தது.

"இன்னாத்த ரெண்டு கம்மிம்பாரு?"

"யாருக்குத் தெரியும்? சாப்புட ஒக்காந்தாலும்தான் உப்பு கம்மிம்பாரு. எல்லாத்துக்கும் நான் காரணம் கேட்டுக்கினா இருந்தேன்?"

பேட்டரி பெட்டியிலேயே கிடந்து செத்திருக்கும், அதனால் தப்பாகக் காட்டுகிறது என்று முடிவு செய்தேன். இன்னொன்றும் உண்டு. போன தடவை வெளிச்சம் போதாமல் ஃபிலிம் வெளுத்துப் போனவன் நான். 'இன்னும் திற, இன்னும் திற' என்று சொல்கிற மீட்டர்தான் என் காதுக்கு இனிப்பாக இருந்தது. கறுப்பை எடுத்துக்கொண்டேன். சிங்கப்பூர் மீட்டரை அமிர்தம் பெட்டியில் போட்டு மூடினார்.

திரும்பி வரும்போது ஒரு மரத்தண்டின் மேல் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் என் சட்டைப்பையைத் தட்டினான்.

"இன்னாது இது? டிரான்சிஸ்டரா?"

"மீட்டருங்க. வெளிச்சம் அளக்கறது."

"வெளிச்சத்த அளந்து இன்னா பண்ணுவ? படி போட்டு விப்பியா?"

சிரிப்பு. அவன் அதை வாங்கி வானத்தைப் பார்த்துப் பிடித்தான். முள் ஏறியது. பக்கத்திலிருந்தவன் எட்டிப் பார்த்தான். "டேய் பூமாலை, அப்பிடியே நமக்கு எத்தினி சதவீதம்னு அதுல பாத்துச் சொல்லுடா."

"கம்மியாத்தான்டா காட்டுது" என்றான் பூமாலை. என்னிடம் திருப்பிக் கொடுத்தான். பிறகு அவர்களே சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள்.

மறியல் முடிந்தது. மரங்களை இழுத்து ஓரத்தில் போட்டார்கள். சரஸ்வதி பூஜைக்குச் செல்வி கேமராவையும் மீட்டரையும் வாழை இலையில் வைத்துப் படைத்தாள். கேமராவின் தோல் மேல் ஒரு பொட்டு, மீட்டரின் கண்ணாடி மேல் ஒரு பொட்டு. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மேலாக்கத் துடைத்து வைத்தேன்.

ஐப்பசியில் கல்யாணத்துக்கு முந்தின நாளே மலைக்குப் போய்விட்டேன். பஸ் வெள்ளிமலையோடு நின்றுவிட்டது. அங்கிருந்து மழையில் ஊறின மண்பாதை. விடியும்போது பனி மூடியிருந்தது. பிறகு விலகி, மூங்கில் நட்டுத் தழை போட்ட பந்தலுக்குள் பச்சையாக ஒரு வெளிச்சம் நின்றது. மீட்டரைப் பிடித்தேன். முள் எழுந்திருக்கவே இல்லை. முழுசாகத் திற, நேரத்தையும் கூட்டு என்றது. அப்படியே செய்தேன். கேமராவை மூங்கிலில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். பெண் வந்தது, மாலை மாற்றினது, தாலி கட்டினது. தாலி கட்டும்போது கலையரசி, அதுதான் பெண், தலையைக் குனிந்து கண்ணைத் தாழ்த்திக்கொண்டிருந்தாள். மேளம் நின்றபோது ஆறு படம் முடிந்திருந்தது.

வேடியப்பனின் தங்கை சின்னப்பொண்ணு சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். வந்தவர்களுக்கெல்லாம் வைத்துக்கொண்டு வந்தவர் என் நெற்றியில் வைத்தார், கேமராவுக்கு வைத்தார். மீட்டர் என் கையில் இருந்தது.

"இதுக்கு வேணாங்கம்மா."

"ஏன், இது மட்டும் இன்னா தீட்டா? எல்லாத்துக்கும் வச்சாச்சி, இதுக்கு வைக்காம வுட்டா கோச்சிக்காது?"

சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் தேனடைக் கண்ணாடியின் மேல் ஒரு இழுப்பு இழுத்தார். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் விழுந்தது.

ஈரச் சந்தனத்தைத் துண்டால் துடைத்தேன். முள் பழைய இடத்துக்கு ஏறியது. விரலை வைத்து மூடினேன், விழுந்தது. எடுத்தேன், ஏறியது. இந்தச் சாமான் கேஜ் மாதிரி இல்லை. இதற்கு அந்தக் கண்ணாடிதான் வாய். அதில் எத்தனையோ வருடத்துச் சந்தனம் காய்ந்து அடைத்துக்கிடக்கிறது. ஸ்டூடியோக்காரருக்கு அது தெரிந்திருக்கிறது. அதனால்தான் முள் சொன்னதில் ரெண்டு குறைத்துக்கொண்டு எடுத்திருக்கிறார். அவர் போன பிறகு அமிர்தம் இன்னும் தாராளமாக வைத்திருக்கிறார். நகத்தால் சுரண்டினேன். புள்ளிகளுக்கு நடுவில் நகம் போகவில்லை.

பந்தலை விட்டுக் களத்துக்கு வந்தேன். நல்ல வெயில். வெயிலுக்குக் காகிதம் என்ன சொல்லும் என்று எனக்கு மனப்பாடம், பதினாறு. மீட்டர் ஐந்து புள்ளி ஆறு என்றது. பதினாறு, பதினொன்று, எட்டு, ஐந்து புள்ளி ஆறு என்று லென்ஸில் மூன்று படி தள்ளி நிற்கிறது. இனிமேல் மீட்டர் சொல்வதில் மூன்றைக் குறைத்தால் சரியாக வரும். எடுத்து முடித்த ஆறும் வெளிச்சத்தில் வெந்துபோயிருக்கும்.

சொல்லாமல் மீதி ஆறை எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கலாம். ஆனால் தாலி இல்லாத கல்யாண ரோலை எந்தச் சுவரில் மாட்டுவது? வேடியப்பனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அண்ணே, மொதல்ல எடுத்த ஆறு சரியா வராது. தாலி கட்டறத மறுபடி ஒரு வாட்டி எடுக்கணும்."

"மறுபடின்னா?"

"கட்டற மாதிரி."

"யோவ், ஒரு கழுத்துல ரெண்டு வாட்டியா கட்டுவாங்க? கையில ஒரு மிசினு, கழுத்துல ஒரு மிசினு, ஆறு படம் வராதுன்னா இன்னாத்துக்குய்யா மலை ஏறி வந்த?"

சத்தம் கேட்டுச் சனம் கூடிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பக்கத்திலிருந்து ஒரு கிழவர், "அவுக்கச் சொல்றானா?" என்று கேட்டார். இல்லை இல்லை என்று நாலு பேர் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் கலையரசிதான் பேசினாள்.

"கட்டனது கட்டனதுதான் நைனா. சும்மா கைய மட்டும் வச்சிக்கினு அவர நிக்கச் சொல்லு. போட்டோக்காரரும் எத்தினி நேரம் நிப்பாரு."

பெண்ணைப் பந்தலுக்குள் உட்கார வைத்தேன். மூன்று குறைத்தேன். மாப்பிள்ளை ஏற்கெனவே கட்டின தாலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தக் கிழவர் பின்னாலிருந்து, "இறுக்கிப் புடிடா, ஓடிடப்போறா" என்றார். கலையரசி சிரித்துவிட்டாள். அந்த நேரத்தில் என் விரல் அமுக்கிவிட்டது. இன்னொன்று எடுக்கிறேன் என்றேன். வேடியப்பன் போதும் என்று கையைக் காட்டிவிட்டுச் சாப்பாட்டைப் பார்க்கப் போனார். மீதி ஐந்தை வந்தவர்களை நிறுத்தி எடுத்தேன்.

கள்ளக்குறிச்சியில் தெரிந்த ஸ்டூடியோ ஒன்றில் ஃபிலிமைக் கழுவினேன். வெளிச்சம் அதிகமானால் நெகட்டிவ் கறுக்கும், முதல் ஆறும் கரும்பலகை மாதிரி வந்தது. விளக்குக்கு எதிரே பிடித்தாலும் அந்தப் பக்கம் தெரியவில்லை. மீதி ஆறும் நன்றாக வந்திருந்தது. சிரிக்கிற படம் அதில் ரொம்ப நன்றாக வந்திருந்தது. தழை வழியாக விழுந்த வெளிச்சம் கன்னத்தில் இருந்தது, கயிற்றின் முறுக்குகூடத் தெரிந்தது. நான் எடுத்ததிலேயே அதுதான் படம். கரி நெகட்டிவில் தாலி கட்டினதையும் ரொம்ப நேரம் வெளிச்சம் விட்டு ஒரு பிரதி போட்டேன். கை தெரிந்தது, மாலை தெரிந்தது. பெண்ணின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம். கண் இல்லை, மூக்கு இல்லை.

வேடியப்பன் சந்தைக்கு வந்தபோது வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிரிக்கிற படத்தை ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

"நல்லா இருக்குதுங்களாண்ணே?"

"நல்லாத்தான் இருக்குது. அதான் வேணாங்கறேன்."

"ஏண்ணே?"

"மாப்ள வூட்டு செவுத்துல மாட்டப்போறது இது. தாலி கட்டும்போது பொண்ணு பல்ல காட்டிக்கினு ஒக்காந்திருந்துச்சின்னு ஆயுசுக்கும் சொல்லுவாங்க. ஒரு சண்ட வந்தா மொதல்ல இதத்தான் காட்டுவா மாமியாக்காரி." அடியில் இருந்த வெந்துபோன படத்தை எடுத்தார். "இது இன்னா?"

"அது கெட்டுப்போனதுண்ணே. சும்மா போட்டுப் பாத்தேன்."

"இதுதான கட்டனது?"

"ஆமா. ஆனா மூஞ்சியே இல்ல பாருங்க."

"மூஞ்சி எங்களுக்குத் தெரியும்யா. தல குனிஞ்சிருக்குது பாரு, அது போதும். இத பெருசா போட்டு ரெண்டு பிரேம் பண்ணு. எங்க வூட்டுக்கு ஒண்ணு, அவங்க வூட்டுக்கு ஒண்ணு."

"அண்ணே, அத மட்டும் மாட்டாதீங்கண்ணே. பாக்கறவங்க எவன் எடுத்தான்னு கேப்பாங்க."

"கேப்பாங்க."

"இன்னா சொல்லுவீங்க?"

"கள்ளக்குறிச்சி தனசேகரன்னு சொல்லுவேன். வேற யாரு பேர சொல்றது?"

அவர் கேலி செய்யவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். நெகட்டிவ் தொலைந்துவிட்டது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவர் வீட்டுக் கல்யாணம், அவர் பெண். பெரிதாகப் போட்டேன். பெரிதாகப் போட்டதில் அந்த வெள்ளை வட்டமும் பெரிதானது. இரண்டு பிரேமையும் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு போனார்.

சிரிக்கிற படத்தை எடுத்துக்கொண்டு ஒருநாள் தியாகதுருகம் போனேன். பாண்டிக்காரர் வந்து சிங்கப்பூர் மீட்டரை வாங்கிப் போயிருந்தார். கறுப்பு மீட்டர் மூன்று படி தப்பாகக் காட்டினதைச் சொன்னேன்.

"நான்தான் சொன்னேனேப்பா, ரெண்டு கம்மிம்பாருன்னு" என்றார் அமிர்தம். படத்தைப் பார்த்தார். "கல்யாணப் பொண்ணா இது? இப்பிடியா சிரிக்கும்?" என்று திருப்பிக் கொடுத்தார்.

கார்த்திகை முடிகிற வரை மலையிலிருந்து யாரும் வரவில்லை. அங்கே கல்யாணங்கள் நடந்தன என்று கேள்விப்பட்டேன். கச்சிராயபாளையத்திலிருந்து யாரோ போய் எடுக்கிறானாம். சிவசங்கர் வீட்டுக்கு வந்தார். கரும்பு அரைக்கத் தேதி வைத்துவிட்டார்கள் என்று மட்டும் செல்வியிடம் சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம் ஆலைக்குப் போய்ப் பேர் கொடுத்தேன். ராத்திரி ஷிஃப்ட்தான் இருக்கிறது என்றார்கள், சரி என்றேன். அப்படியே பாய்லர் பக்கம் போனேன். இன்னும் சூடேற்றவில்லை. என் கேஜ் அதே இடத்தில் இருந்தது. பூஜையன்று வைத்த சந்தனம் கண்ணாடி மேல் காய்ந்து வெடித்திருந்தது. அடியில் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. கட்டைவிரல் நகத்தால் சுரண்டினேன். வழவழப்பான கண்ணாடி, லேசாக உரிந்து வந்தது.

ஃபோர்மேன் பின்னாலிருந்து கேட்டார். "யோவ், சாமிக்கு வச்சத ஏன்யா சொரண்டற? அதான் முள்ளு தெரியுதில்ல?"

"தெரியுது" என்றேன். மிச்சத்தையும் சுரண்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். பகலில் தூங்கிப் பழக வேண்டியிருந்தது.